மூடப்பட்ட மடங்களின் நிலமும் மண்ணின் சான்றும்: லெஸ்டர் நகரத் துறவியர் மடம் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

பழைய கட்டடம் ஒன்று நின்ற நிலம் பிற்காலத்தார் கைக்கு மாறி வேறு பயனுக்கு வரும்போது, அந்நிலத்தின் முன்னை வரலாறு முற்றும் அழிந்தொழிகின்றதா, அன்றி ஏதேனும் ஒரு வடிவில் எஞ்சி நிற்கின்றதா என்பது தொல்லியலார் பலகாலும் எதிர்கொள்ளும் வினா. எஞ்சி நிற்பதாயின், அதனை எவ்வாறு அடையாளங் காண்பது, நூல்கள் கூறும் செய்தியோடும் ஊரார் வழங்கும் செய்தியோடும் அதனை எவ்வாறு பொருத்திப் பார்ப்பது என்பன அவ்வினாவின் கிளைகள். நூற்சான்றினையும் அகழ்வுச் சான்றினையும் ஒருங்கு வைத்து ஆராய்வார்க்கு இவ்வினா புதியதன்று.

இதற்குத் தெளிவான விடை தரவல்ல களம் ஒன்று இங்கிலாந்தில் உள்ளது. கி.பி. 16ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு அரசன் துறவியர் மடங்கள் அனைத்தையும் மூடி, அவற்றின் நிலங்களைத் தன் உடைமையாக்கிப் பின்னர் விற்றான். ஒரே நூற்றாண்டின் ஒரு சிறு கால எல்லையுள், நாடெங்கணும், ஒரே வகையான கட்டடங்கள் ஒரே காரணத்தால் கைமாறின. ஆயின் அவை அடைந்த கதி ஒன்றன்று. சில மன்றங்களாயின, சில மாளிகைகளாயின, சில வெறுந்தரையாயின. அவற்றுள் வெறுந்தரையான ஒன்று, லெஸ்டர் நகரிலிருந்த பிரான்சிஸ்கன் துறவியர் மடம். அதன் நிலம் 2012ஆம் ஆண்டு அகழப்பட்டபோது, நானூறு ஆண்டுகளாக நிலவிய ஒரு செய்தி பொய்யென்று உறுதியாயிற்று. அம்மடத்து நிலத்தின் வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மறுபயன்பாடு என்பது அழிவுக்கு மட்டுமன்றிக் காப்புக்கும் காரணமாகும் என்பதனை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

2. இரந்துண்ணும் துறவியரும் அவர்தம் மடங்களும்

இடைக்கால ஐரோப்பாவில் கிறித்தவத் துறவியர் இருதிறப்பட்டனர். பெனடிக்டின் நெறியைப் பின்பற்றிய பழைய துறவியர் பெருநிலவுடைமை பெற்று, மடத்தின் மதிலுக்குள் அடங்கி வாழ்ந்தனர். 13ஆம் நூற்றாண்டில் தோன்றிய மற்றொரு திறத்தார், தமக்கென உடைமை எதுவும் கொள்ளாது, மக்களிடையே சென்று அறம் உரைத்து, அவர்கள் இடுவதை ஏற்று உண்டு வாழ்ந்தனர். டொமினிக்கு அடிகளின் வழிவந்தோர் 1221இல் இங்கிலாந்து சேர்ந்தனர். பிரான்சிஸ் அடிகளின் வழிவந்தோர் ஒன்பதின்மர் 1224இல் டோவர்த் துறையில் வந்திறங்கினர். கார்மேல் துறவியரும் அகுஸ்தீன் துறவியரும் அவர்களைத் தொடர்ந்தனர். உடையின் நிறம் பற்றி மக்கள் இவர்க்குப் பெயரிட்டனர். பிரான்சிஸ்கர் சாம்பலாடையர், டொமினிக்கர் கருமேலாடையர், கார்மேல் துறவியர் வெண்மேலாடையர். இப்பெயர்கள் ஆங்கில நகரங்களின் தெருப்பெயர்களில் இன்றும் வழங்குகின்றன.

இரப்போர்க்கும் அறவுரை ஆற்றுவோர்க்கும் மக்கள் திரள் வேண்டும். ஆதலின் இவர்தம் மடங்கள் நகரங்களிலேயே அமைந்தன. நகரின் நடுப்பகுதி முன்னரே வீடுகளால் நிறைந்திருந்தமையின், பெரும்பாலும் மதிலை ஒட்டிய இடங்களே இவர்க்குக் கிடைத்தன. நன்கொடையாளர் பலர் சிறுசிறு துண்டுகளாக வழங்கிய மனைகள் சேர்ந்து ஒரு வளாகம் ஆயின. இம்மனைகள் மடம் மூடப்பட்ட காலத்தில் விலைமதிப்புள்ள நகர நிலங்களாக இருந்தன என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்ந்த கைமாற்றங்கள் பலவற்றுக்கும் அதுவே காரணம்.

மடங்களின் அமைப்பில் ஒரு பொதுமை உண்டு. கிழக்கு மேற்காக நீண்ட கோயில் ஒன்று இருக்கும். அதன் மேற்குப் பகுதி, நகரமக்கள் கூடி அறவுரை கேட்கும் அகன்ற கூடம். கிழக்குப் பகுதி, துறவியர் மட்டும் அமர்ந்து வழிபாட்டுப் பாடல்களை ஓதும் பாடற்பகுதி. இவ்விரண்டுக்கும் இடையே குறுக்காக ஒரு நடைவழி செல்லும். கோயிலின் ஒரு புறத்தே சதுர முற்றமும், அதனைச் சூழ்ந்த நடைக்கூடமும் அமையும். முற்றத்தின் கிழக்குச் சிறகில் துறவியர் கூடி மடத்தின் செய்திகளை ஆராயும் அவைக்கூடம் இருக்கும். இந்த ஒழுங்கு எங்கும் பெரிதும் மாறாமையின், ஓர் உறுப்பின் இடம் தெரிந்தால் ஏனைய உறுப்புக்களின் இடத்தைக் கருதலளவையால் அறியலாம். லெஸ்டர் அகழ்வில் இக்கருதலே பெருந்துணை செய்தது.

3. மடங்கள் மூடப்பட்ட வரலாறு

எட்டாம் ஹென்றி உரோமைத் திருத்தந்தையின் ஆட்சியினின்று நீங்கி, 1534இல் ஆங்கிலத் திருச்சபைக்குத் தானே தலைவன் எனச் சட்டம் இயற்றுவித்தான். 1536இல் ஆண்டு வருவாய் 200 பவுனுக்குக் குறைந்த மடங்களை மூடச் சட்டம் பிறந்தது. கைப்பற்றிய நிலங்களை ஆளவும் விற்கவும் தனி அலுவலகம் ஒன்று அவ்வாண்டே நிறுவப்பட்டது. இரந்துண்ணும் துறவியர் மடங்களின் முறை 1538இல் வந்தது. முன்னர் டொமினிக்கத் துறவியாக இருந்து, பின்பு டோவர் ஆயராக அமர்ந்த ரிச்சர்டு இங்வர்த்து என்பாரே நகரந்தோறும் சென்று அம்மடங்களின் ஒப்படைப்பைப் பெற்றார். லெஸ்டர் நகரச் சாம்பலாடையர் மடத்தைத் தலைவரும் அவருடன் இருந்த அறுவரும் அவ்வாண்டிலேயே ஒப்படைத்தனர். பழைய பெருமடங்களின் துறவியர்க்கு ஓய்வூதியம் வழங்கப்பட்டதுபோல இரவலத் துறவியர்க்குப் பொதுவாக வழங்கப்படவில்லை. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் நிலைபெற்ற ஒரு வாழ்க்கைமுறை இவ்வாறு முடிவுற்றது.

மடம் ஒப்படைக்கப்பட்டவுடன் முதலில் நீங்கியது கூரை. கூரைமேல் வேய்ந்திருந்த ஈயத்தகடுகளும் மணிகளும் அரசுக்கு உரியன. ஈயம் உருக்கிக் கட்டிகளாக வார்க்கப்பட்டது. கூரையற்ற கட்டடம் மழைக்கு நெடுநாள் நில்லாது. பிறகு மரமும், கண்ணாடியும், இறுதியாகக் கல்லும் விலையாயின. அழிவிலும் ஒரு வரிசை உண்டு என்பதனை இங்குக் காணலாம். எளிதிற் கழற்றத்தக்கதும் விலை மிக்கதும் முதலிற் செல்லும். அகழ்ந்தெடுக்க உழைப்பு மிக வேண்டும் அடித்தளக் கல் கடைசியிற் செல்லும். செலவுக்கு ஈடாகாதது மண்ணிலேயே தங்கும். தொல்லியலார்க்குக் கிடைப்பது இக்கடைசி வகையே.

4. மறுபயன்பாட்டின் வகைகள்

மூடப்பட்ட மடங்கள் பிற்காலத்தில் அடைந்த பயனை நோக்கின் அவற்றைச் சில வகைகளுள் அடக்கலாம்.

முதலாவது, கட்டடத்தை ஏறத்தாழ முழுமையாகக் காத்துப் பொதுப்பயனுக்குக் கொள்ளுதல். நாரிச்சு நகர டொமினிக்கர் கோயிலை நகரத்தார் விலைக்கு வாங்கிப் பொதுமன்றமாக்கினர். ஆகவே அதன் அகன்ற கூடம் இன்றும் புனித அந்திரேயா மன்றம் என்ற பெயரால் நிற்கின்றது. ரெடிங்கு நகரப் பிரான்சிஸ்கர் கோயிலின் கூடமோ நகரமன்றமாகவும், ஏழையர் இல்லமாகவும், சிறையாகவும் பயன்பட்டு, 1863இல் மீண்டும் வழிபாட்டுக்குத் திரும்பியது.

இரண்டாவது, வாழிடமாகவும் தொழிலிடமாகவும் மாற்றுதல். குளோஸ்டர் நகர டொமினிக்கர் மடத்தை 1539இல் தாமஸ் பெல் என்னும் வணிகர் வாங்கினார். கோயிலைச் சுருக்கித் தம் மாளிகையாக்கினார். முற்றத்தைச் சூழ்ந்த கட்டடங்களில் நெசவும் குல்லாத் தொழிலும் நடைபெற்றன. நியூகாசில் நகரிலோ டொமினிக்கர் மடத்துக் கட்டடங்களை ஒன்பது தொழிற்குழுவினர் பகுத்துக்கொண்டு தத்தம் கூட்ட இடமாக்கினர்.

மூன்றாவது, கல்விக்கும் கலைக்கும் பயன்படுத்துதல். கேம்பிரிட்சில் டொமினிக்கர் மடம் நின்ற இடத்தில் 1584இல் இம்மானுவேல் கல்லூரியும், பிரான்சிஸ்கர் மடம் நின்ற இடத்தில் 1596இல் சிட்னி சசெக்சு கல்லூரியும் தோன்றின. இலண்டன் டொமினிக்கர் மடத்தின் பெருங்கூடம் ஒன்றை ஜேம்ஸ் பர்பேஜ் என்பார் 1596இல் வாங்கி நாடக அரங்காக்கினார். ஷேக்ஸ்பியர் சார்ந்திருந்த குழுவினர் பின்னர் அங்கு நடித்தனர். எட்டாம் ஹென்றி தன் அரசி காதரீனோடு கொண்ட மணம் செல்லுமா என்பது பற்றிய விசாரணை 1529இல் நடந்ததும் அம்மடத்திலேயே. அவ்விசாரணையைக் காட்சியாகக் கொண்ட ‘எட்டாம் ஹென்றி’ நாடகம் அக்குழுவினர்க்கு உரியது என்பது நோக்கத்தக்கது.

நான்காவது, கட்டடத்தை முற்றும் இடித்து நிலத்தை மட்டும் கொள்ளுதல். லெஸ்டர் மடம் இவ்வகையினது.

இவ்வகைகளை ஒப்பிடும்போது ஓர் உண்மை புலப்படுகின்றது. கட்டடம் தொடர்ந்து பயன்பட்ட இடங்களில் நிலத்தின்மேல் உள்ள பகுதி காக்கப்படுகின்றது. ஆயின் புதிய தளமும், நிலவறையும், கழிவுநீர்க் கால்வாயும் தோண்டப்படுவதால் நிலத்தின்கீழ் உள்ள பகுதி தலைமுறைதோறும் சிதைகின்றது. கட்டடம் இடிக்கப்பட்டு நிலம் தோட்டமாக்கப்பட்ட இடங்களிலோ மேற்பகுதி முற்றும் மறைகின்றது. கீழ்ப்பகுதி தோட்டமண்ணின் அடியில் தீண்டப்படாது கிடக்கின்றது. கண்ணுக்குத் தெரியும் காப்பும் மண்ணுள் நிகழும் காப்பும் ஒன்றற்கொன்று எதிரான திசையிற் செல்லுதல் கூடும் என்பதே இதன் பொருள்.

5. லெஸ்டர் நிலத்தின் கைமாற்றங்கள்

லெஸ்டர் மடம் பிற மடங்களினும் பெரியதன்று, செல்வம் மிக்கதுமன்று. அதற்குத் தனிச்சிறப்பு ஒரு கல்லறையால் வந்தது. 1485 ஆகஸ்டு 22ஆம் நாள் பாஸ்வொர்த்துப் போரில் மூன்றாம் ரிச்சர்டு மன்னன் வீழ்ந்தான். அவன் உடல் லெஸ்டர் நகருக்குக் கொண்டுவரப்பட்டு, மக்கள் காண வைக்கப்பட்டபின், சாம்பலாடையர் கோயிலில் அடக்கஞ் செய்யப்பட்டது. அக்கால எழுத்தாளராகிய ஜான் ரவுஸ் என்பார், அடக்கம் நிகழ்ந்த இடம் அக்கோயிலின் பாடற்பகுதி எனக் குறித்துள்ளார். அவனை வென்ற ஏழாம் ஹென்றி சில ஆண்டுகளுக்குப் பின் அங்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப் பொருள் உதவினான்.

1538இல் மடம் மூடப்பட்டபின் அந்நிலம் ஜான் பெல்லோ, ஜான் பிராக்ஸ்ஹோம் என்னும் இருவர் கைக்குச் சென்றது. இவ்விருவரும் மடத்து நிலங்களை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். கட்டடங்கள் இடிக்கப்பட்டன. கல்லிலும் மரத்திலும் ஒரு பகுதி, அண்மையிலிருந்த புனித மார்ட்டின் கோயிலைப் பழுதுபார்க்கப் பயன்பட்டது. பின்னர் நகரத் தலைவராக மும்முறை இருந்த இராபர்ட்டு ஹெரிக்கு என்பார் நிலத்தின் பெரும்பகுதியை வாங்கி, மாளிகை ஒன்றும் தோட்டம் ஒன்றும் அமைத்தார்.

ஹெரிக்கு குடும்பத்தார் 1711இல் நிலத்தை விற்றனர். 18ஆம் நூற்றாண்டில் அதன் குறுக்கே புதிய தெரு ஒன்று வகுக்கப்பட்டது. மனைகள் பிரிந்தன. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஒரு மூலையில் பள்ளிக்கூடம் எழுந்தது. 1870களில் பழைய மாளிகை இடிக்கப்பட்டு, மடத்தின் பெயராலேயே ஒரு தெரு போடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஞ்சிய நிலத்தை மாவட்ட ஆட்சிமன்றம் வாங்கி அலுவலகம் கட்டியது. 1940களில் பழைய தோட்டப் பகுதி அலுவலர்தம் வண்டிகள் நிறுத்தும் இடமாயிற்று.

இக்கைமாற்ற வரிசையை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று தெளிவாகும். வளாகத்தின் விளிம்புகள் மீண்டும் மீண்டும் தோண்டப்பட்டன. நடுவே இருந்த தோட்டப் பகுதியோ, தோட்டமாகவும் பின் தார்த்தளமாகவும் இருந்தமையின், ஆழ்ந்த அடித்தளம் எதுவும் பெரும்பாலும் பெறாமலே தப்பியது.

6. இரு சான்றுகளின் முரண்

மன்னன் கல்லறை என்னாயிற்று என்பது பற்றி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில், இரு குறிப்புக்கள் எழுந்தன. இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

முதற்குறிப்பு ஜான் ஸ்பீடு என்னும் வரலாற்றாசிரியருடையது. 1611இல் வெளிவந்த தம் நூலில், மடம் அழிந்தபோது கல்லறையும் அழிந்தது என்றும், அவ்விடம் முட்செடியும் களையும் மண்டிக் கிடந்தது என்றும், எலும்புகள் நகருக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்டு வில்பாலத்தின் அருகே இழிவாக இடப்பட்டன என்றும் ஊரார் வழக்கை அவர் பதிவு செய்தார். இச்செய்தி வளர்ந்தது. எலும்புகள் சோர் ஆற்றில் எறியப்பட்டன என்று பிற்காலத்தார் கூறினர். விடுதி ஒன்றில் குதிரைகள் நீர் குடிக்கும் கல்தொட்டியை மன்னனது சவப்பேழை எனக் காட்டினர். 1856இல் அப்பாலத்தின் அருகே நினைவுக் கல்வெட்டு ஒன்றும் பதிக்கப்பட்டது.

இரண்டாங்குறிப்பு கிறிஸ்தபர் ரென் என்பாருடையது. இவர் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய புகழ்மிக்க கட்டடக்கலைஞரின் தந்தை. ஹெரிக்கு குடும்பத்துச் சிறுவனுக்கு ஆசிரியராக இருந்த இவர், 1612இல் அம்மாளிகைத் தோட்டத்தில் மூன்றடி உயரக் கற்றூண் ஒன்றைக் கண்டதாகவும், மூன்றாம் ரிச்சர்டின் உடல் அங்கே கிடப்பதாக அதில் பொறித்திருந்ததாகவும் எழுதி வைத்தார். இக்குறிப்பு அவர் வழித்தோன்றல் தொகுத்த நூலில் 1750இல்தான் அச்சேறியது.

ஓராண்டு இடைவெளியில் எழுந்த இவ்விரு குறிப்புக்களுள் எது வலிமையுடையது? ஒன்று ஊரார் சொல்லக் கேட்டது. மற்றொன்று நேரிற் கண்டது. ஒன்று ஊருக்குப் புறத்தேயிருந்து வந்தவர் எழுதியது; மற்றொன்று அந்நிலத்தின் உடைமையாளரோடு பழகியவர் எழுதியது. எனினும் உலகம் முன்னதையே நம்பியது. அது அச்சேறிப் பரவிய பெருநூலில் இருந்தமையும், இகழப்பட்ட மன்னனுக்கு இகழ்ச்சியான முடிவே பொருந்தும் என்ற மனப்பாங்கும் அதற்குக் காரணம் எனலாம்.

ஸ்பீடின் கூற்றை வேறொரு வகையிலும் ஐயுற இடமுண்டு. அவர் வரைந்த லெஸ்டர் நகரப் படத்தில், டொமினிக்கர் மடம் நின்ற இடத்திற்கே சாம்பலாடையர் மடத்தின் பெயர் இடப்பட்டுள்ளது. ஆகவே முட்செடி மண்டிய இடமாக அவர் கண்டது வேறொரு மடத்தின் நிலமாதல் கூடும் என்று இக்கால ஆய்வாளர் சுட்டிக்காட்டினர். ஒரு மடத்தில் கல்லறையைத் தேடி, அங்கு அது இல்லாமை கண்டு, அழிந்தது எனத் துணிவது இடப்பிழையால் விளைந்த முடிவாகும். நிலம் கைமாறி, கட்டடம் மறைந்து, பெயர்கள் இடம்பெயரும் நகரங்களில் இத்தகைய பிழை நேர்தல் இயல்பே.

7. அகழ்வும் கல்பறி குழிகளும்

2007இல் வளாகத்தின் கிழக்கே ஒரு சிறு மனை அகழப்பட்டபோது மடத்தின் கட்டடச் சுவடு எதுவும் அங்குக் கிட்டவில்லை. கோயில் இன்னும் மேற்கே இருந்திருத்தல் வேண்டும் என்பது அதனாற் பெற்ற பயன். 2011இல் நிலத்தை ஊடுருவி அறியும் ரேடார்க் கருவியால் வண்டி நிறுத்துமிடம் ஆராயப்பட்டது. குழாய்களும் பிற்கால இடிபாடுகளும் குறுக்கிட்டமையின் தெளிவு பிறக்கவில்லை. மூன்றாம் ரிச்சர்டு கழகத்தைச் சார்ந்த பிலிப்பா லாங்லி அம்மையார் முயற்சியாலும் நகரமன்றத்தின் இசைவாலும், லெஸ்டர் பல்கலைக்கழகத் தொல்லியலார் ரிச்சர்டு பக்லி தலைமையில் 2012 ஆகஸ்டு 25ஆம் நாள் அகழ்வைத் தொடங்கினர்.

கோயில் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும் என்பது முன்னரே தெரிந்த உண்மை. ஆகவே ஆய்வுக்குழிகள் வடக்குத் தெற்காக நீளுமாறு வெட்டப்பட்டன. அவ்வாறு வெட்டினால் கோயிற் சுவர்கள் எங்கிருப்பினும் குழி அவற்றைக் குறுக்கே கடந்தாக வேண்டும். முதலிற் பக்கச் சுவர்களில் கல்லிருக்கை அமைந்த ஒரு கூடத்தின் அடையாளம் வெளிப்பட்டது. துறவியர் சுற்றியமர்ந்து பேசும் அவைக்கூடமே அத்தகைய இருக்கை உடையது. அதன் இடம் துணியப்படவே, முற்றத்து நடைக்கூடமும், அதற்கு வடக்கே கோயிலும் எங்கெங்கு இருத்தல் வேண்டும் என்பது பெறப்பட்டது. மூன்றாவது ஆய்வுக்குழி அக்கருதலை மெய்ப்பித்தது.

இங்குச் சுவர் என்று கூறியதனால் நிற்கும் சுவர் என்று கொள்ளலாகாது. கல் பெரும்பாலும் போய்விட்டது. 16ஆம் நூற்றாண்டில் கல் எடுத்தவர்கள் அடித்தளத்தைத் தொடர்ந்து தோண்டிச் சென்று, கல்லை உருவிக்கொண்டு, வேண்டாத சுண்ணச்சாந்தையும் உடைந்த ஓட்டையும் அப்பள்ளத்திலேயே தள்ளி மூடினர். இதனைக் கல்பறி குழி என்னலாம். சுவர் இருந்த நேர்க்கோட்டில், சுவரின் அகலத்தை ஒட்டி, சுற்றுமண்ணினின்று நிறத்தாலும் உள்ளீட்டாலும் வேறுபட்ட ஒரு பட்டை மண்ணடுக்கில் தெரியும். சுவர் இல்லை, சுவர் இருந்த வடிவம் உள்ளது. தரையோடுகளும் அவ்வாறே. ஓட்டைப் பெயர்த்தெடுத்தபின், அது பதிந்திருந்த சாந்துப் படுகையில் அதன் அச்சு மட்டும் நிற்கும். சுவடியில் எழுத்து உதிர்ந்த இடத்தின் அளவை நோக்கி உதிர்ந்த எழுத்துக்களின் தொகையை உய்த்துணரும் பதிப்பாசிரியரின் செயலோடு இது பெரிதும் ஒக்கும். இன்மையும் ஒரு சான்றாதல் இவ்விரு துறைக்கும் பொது.

கல்பறி குழி பிறிதொரு பயனையும் தருகின்றது. அதன் உள்ளீட்டிற் கிடக்கும் மட்கலத் துண்டுகள் இடிப்பு நிகழ்ந்த காலத்தைக் காட்டும். அக்குழியின் மேற்பட்ட தோட்டமண் அடுக்கு, இடிப்புக்குப் பிந்திய பயன்பாட்டைக் காட்டும். ஹெரிக்கு தோட்டத்தின் எச்சம் எனக் கருதத்தக்க பாவுதளம் ஒன்றும் இவ்வகழ்விற் கிடைத்தது. அது மடத்தின் பழைய தரையோடுகளைக் கொண்டே பாவப்பட்டிருந்தது. மடத்தின் தரை தோட்டத்தின் தரையாயிற்று என்பதற்கு இதனினும் நேரான சான்று வேண்டா.

8. கல்லறையும் அதன் ஆய்வும்

அகழ்வு தொடங்கிய நாளிலேயே முதற்குழியில் மனிதக் காலெலும்புகள் தென்பட்டன. அவ்விடம் கோயிலின் பாடற்பகுதி என்பது உறுதியானபின்னரே எலும்புக்கூடு முழுமையாக வெளிக்கொணரப்பட்டது. பேழையோ சவத்துணியோ இருந்தமைக்கு அடையாளம் இல்லை. குழி உடலின் நீளத்திற்குப் போதாமையின் தலை ஒருபுறம் உயர்ந்து சாய்ந்திருந்தது. விரைவில் வெட்டப்பட்ட குழி அது. பாதங்கள் இல்லை, பிற்காலத்து, பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுத் தோண்டலில் அவை நீங்கியிருத்தல் வேண்டும். இன்னுஞ் சிறிது தோண்டியிருப்பின் எஞ்சியதும் அழிந்திருக்கும்.

அவ்வெலும்புகள் யாருடையவை என்பதனைத் துணிய ஆய்வாளர் ஒரு சான்றினை மட்டும் நம்பவில்லை. உடற்கூற்றுச் சான்று: முப்பதுகளின் தொடக்கத்திலிருந்த ஆண், முதுகெலும்பு பக்கவாட்டில் பெரிதும் வளைந்தது, இறப்பை ஒட்டிய காயங்கள் பதினொன்று, அவற்றுள் ஒன்பது தலையில். ரிச்சர்டு இறந்தபோது அகவை 32. காலச் சான்று: கரிமம்-14 கணிப்பு முதலில் சற்று முற்பட்ட காலத்தைக் காட்டியது. கடலுணவு மிகுதியாக உண்பவரின் எலும்பில் பழைய கரிமம் சேர்ந்து காலத்தை முன்னோக்கித் தள்ளும். அதற்கேற்பத் திருத்தியபோது 1456க்கும் 1530க்கும் இடைப்பட்ட காலம் 95 விழுக்காட்டு உறுதியோடு பெறப்பட்டது. மரபுச் சான்று: தாய்வழியே மட்டும் இறங்கும் மரபணுக்கூறு, மன்னனின் தமக்கை வழிவந்த, இன்று வாழும் இருவரோடு ஒத்தது. தந்தைவழிக் கூறு ஒக்கவில்லை. இடைப்பட்ட பல தலைமுறைகளுள் எங்கேனும் தந்தைவழித் தொடர்ச்சி அறுபட்டமை அதனாற் புலனாகும். சான்றுகள் அனைத்தையும் ஒருங்கு கணித்து, அடையாளம் 99.999 விழுக்காடு உறுதி என 2014இல் வெளியான ஆய்வுரை முடிபு கூறியது.

இதனால் ரென் எழுதிய குறிப்பு உண்மைக்கு அணித்தாயிற்று. ஆற்றில் எறிந்த கதை வீழ்ந்தது. குதிரைத் தொட்டியும் மன்னன் பேழையன்று என்பது, பேழையே இல்லாத கல்லறையால் தெளிவாயிற்று. 2015 மார்ச்சு 26ஆம் நாள் அவ்வெலும்புகள் புனித மார்ட்டின் பேராலயத்தில் மீண்டும் அடக்கம் பெற்றன. மடத்தின் கல்லும் மரமும் முன்னர்ச் சென்று சேர்ந்த கோயில் அதுவே.

9. இவ்வாய்வு உணர்த்துவன

முதலாவது, மறுபயன்பாட்டை அழிவென ஒருசொல்லாற் கூறிவிடல் பொருந்தாது. எத்தகைய பயன், எவ்வளவு ஆழம், எத்துணைக் காலம் என்று பகுத்து நோக்கல் வேண்டும். ஹெரிக்கு தம் தோட்டத்தில் தூண் நிறுத்தியது நினைவைக் காக்கும் எண்ணத்தால். ஆனால் உடலைக் காத்தது தூண் அன்று, அதனைச் சுற்றியிருந்த தோட்டமே. தூண் மறைந்தது, தோட்டமண் நின்றது.

இரண்டாவது, அகழ்விற்கு முன் நிலத்தின் கைமாற்றங்களை ஆவணங்களால் வரிசைப்படுத்தல் இன்றியமையாதது. விற்பனைப் பத்திரம், நகரப் படம், கோயிற் கணக்கு, தெருப்பெயர் ஆகியவை குழி வெட்டும் இடத்தைத் தீர்மானிக்கின்றன. மண்வெட்டி எடுக்குமுன் நூலகத்திற் செய்யும் பணி அகழ்வின் முதற்பகுதியே.

மூன்றாவது, செவிவழிச் செய்தியை முற்றும் தள்ளுதலும் முற்றும் கொள்ளுதலும் தவறு. மன்னன் சாம்பலாடையர் கோயிலில் புதைக்கப்பட்டான் என்ற வழக்கு உண்மை. எலும்பு எறியப்பட்டது என்ற வழக்கு பொய். இரண்டும் ஒரே ஊரில் வழங்கின. ஒவ்வொரு செய்தியையும் அதனைக் கூறியவர், கூறிய காலம், கூறக் காரணம் ஆகியவற்றோடு வைத்து எடைபோடுதலே ஆய்வு.

நான்காவது, மன்னன் பெயரால் துறவியர் மறைதல் கூடாது. 2013இல் நிகழ்ந்த மறு அகழ்வில் கோயிலின் கிழக்குப் பகுதியிற் கல்பேழை ஒன்றும், அதனுள் ஈயப்பேழை ஒன்றும் கிடைத்தன. அதனுள் இருந்தவர் முதிய பெண்மணி. அவர் பெயர் சொல்லும் கல்வெட்டு அங்கில்லை. பெயர் தெரிந்த ஒருவனைத் தேடிச் சென்ற ஆய்வு, பெயர் தெரியாத பலரின் கோயிலையும், அவைக்கூடத்தையும், நடைக்கூடத்தையும் மீட்டுத் தந்தது. முந்நூறு ஆண்டு அங்கு வாழ்ந்து இரந்துண்டு அறம் உரைத்தோரின் வாழ்விடத்தை அறிதற்கு அரசன் கல்லறை ஒரு வாயில் ஆயிற்று என்று கொள்ளுதலே தகும்.

10. முடிவுரை

லெஸ்டர் மடத்தின் எஞ்சிய நிலம் 2017இல் நாட்டின் பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 480 ஆண்டுகள் எவரும் காப்போம் என்று கருதாமலே காத்த நிலத்திற்கு அப்பொழுதே சட்டத்தின் காப்புக் கிட்டியது. பழைய வளாகங்கள் பல இன்னும் அலுவலகங்களின் பின்புறமாகவும், பள்ளி முற்றங்களாகவும், வண்டி நிறுத்துமிடங்களாகவும் நகரங்களுள் கிடக்கின்றன. அங்கு அடுத்த கட்டடத்திற்கு அடித்தளம் இடுமுன், அந்நிலத்தின் கைமாற்ற வரலாறு ஒருமுறை எழுதப்படுதல் வேண்டும். நிலத்தின்மேல் ஒன்றும் இல்லை என்பது நிலத்தின்கீழும் ஒன்றும் இல்லை என்பதற்குச் சான்றாகாது என்பதே லெஸ்டர் அகழ்வு நிறுவிய முடிபாம்.